கேமராவுக்கு முன்னால் கேள்வி

அண்ணாச்சியின் கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்றில் நாலு கேமரா, இன்னொன்றில் எட்டு. இரண்டிலும் '2 மெகாபிக்சல், நைட் விஷன், மொபைலிலேயே பார்க்கலாம்' என்று ஒரே வாசகம்தான். தொகை மட்டும் வேறு. டீ ஆறுவதற்குள் இதுவா அதுவா என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

"எட்டு போட்டாத்தான் சரிவரும்னு சொல்லுதான் தம்பி. அம்புட்டு வேணுமா?"

கடைக்கு கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறார்கள். விற்க வருகிறவர்களும் அதிலிருந்தே தொடங்குவதால் பேச்சு அங்கேயே சுற்றி முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம் என்றேன். என்றைக்காவது ஒரு நாள் அந்த ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

கேமரா திருடனைப் பிடிக்காது. சிலரைத் தயங்க வைக்கும். முகத்தை மூடிக்கொண்டு வருகிறவனை அதுவும் செய்யாது. நடந்தது என்ன என்று பிற்பாடு கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் வேலை. கேள்வி என்னவென்று தெரியாமல் மாட்டிய கேமரா, பல நாள் படம் பிடித்துவிட்டு, கேட்கிற அன்றைக்குக் கையை விரிக்கும்.

நாலு கேள்வி

அண்ணாச்சியின் மளிகைக் கடை முகப்பில் 20 அடி, உள்ளே 40 அடி நீளம். முன்னால் கல்லா, நடுவில் ரேக்குகள், பின்னால் குடோன். குடோனுக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு. யோசித்து யோசித்து அவர் சொன்னதைக் கொட்டேஷனின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

முதலாவது கல்லா. "ஐநூறு ரூவா குடுத்தேன், இருநூறுக்குத்தான் சில்லறை தந்திருக்கீங்க" என்று ஒருவர் நிற்பார். கொடுத்தது எந்த நோட்டு?

இரண்டாவது வாசல். உள்ளே வந்து போனவர் யார்? முன்பின் தெரியாதவர் என்றாலும் முகம் விளங்க வேண்டும்.

மூன்றாவது குடோன். லோடு இறங்கியபோது எத்தனை மூட்டை இறங்கியது? அந்தச் சந்துக் கதவு எப்போது திறந்தது?

நான்காவது, கடை சாத்திய பிறகு ஷட்டருக்கு வெளியே வந்து நின்றது யார்?

நான்காவது கேள்வியை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. "ஷட்டரை உடைக்கவா வரப்போறான்?" என்றார். உடைக்க வேண்டியதே இல்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளுக்கு வெளியே இருந்த க்யூஆர் அட்டைகளின் மேல் மோசடிக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வாடிக்கையாளர் செலுத்திய பணம் வேறு கணக்குக்குப் போயிற்று. ஒட்டியவர்கள் வெளிக் கேமராவில் பதிவாகியிருந்தார்கள்.

இந்த நாலு கேள்விகளும் ஒரே வகைக் கேமரா கேட்பவை அல்ல. மூட்டை எண்ணுவதற்கு முகம் தேவையில்லை, பரப்பு போதும். கல்லாவுக்குப் பரப்பு தேவையில்லை. நோட்டின் நிறமும் கையசைவும் பளிச்சென்று வேண்டும். ஒரே மாடல் எட்டு பீஸ் என்று மொத்தமாக எழுதிய கொட்டேஷனை அங்கேயே ஓரமாக வைத்துவிட்டோம்.

மெகாபிக்சல் எங்கே போகிறது?

"ரெண்டு மெகாபிக்சல்னா முகம் தெரியும்லா?" என்றார் அண்ணாச்சி.

முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2 மெகாபிக்சல் படம் என்பது குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். கேமரா எவ்வளவு அகலத்தைப் பார்த்தாலும் குறுக்கே அதே 1,920தான். ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் ஊற்றுகிற மாதிரி: தோசையைப் பெரிதாக இழுத்தால் மெலியும், சின்னதாக விட்டால் கனமாக இருக்கும். கரண்டி ஒன்றுதான்.

எவ்வளவு கனம் வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரவரையறையின் 2014-ம் ஆண்டுப் பதிப்பு அதைச் சொன்னது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளிகள் விழுந்தால், அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று தெரியும். 125 இருந்தால், ஏற்கெனவே பழக்கமானவரை இன்னார் என்று சொல்லிவிடலாம். முன்பின் தெரியாதவரை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும்.

1,920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம், அதாவது சுமார் 25 அடி அகலம். 2 மெகாபிக்சல் கேமரா அதற்குமேல் அகலத்தைப் பார்த்தால், அந்த இடத்தில் நிற்கிற புதியவரின் முகத்தை நம்ப முடியாது. கடைகளில் வழக்கமாக மாட்டுகிற 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 100 டிகிரி கோணத்தைப் பார்க்கும். அந்தக் கோணத்தில் 10 அடி தாண்டியதுமே காட்சியின் அகலம் 25 அடியாகிவிடும். 40 அடிக் கடையின் முன்மூலையில் இருந்து பின்மூலையைப் பார்க்கிற கேமரா, அங்கே ஒருவர் எதையோ எடுத்துச் சட்டைக்குள் போட்டார் என்று காட்டும். அவர் யார் என்று காட்டாது.

அதே கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் கோணம் ஏறத்தாழப் பாதியாகக் குறுகும். முகம் தெரியும் தூரம் 25 அடி வரை நீளும். வாசலுக்கு அப்படிப்பட்ட லென்ஸ்தான் பொருத்தம். 4 மெகாபிக்சல், 4கே என்று போவதும் உதவும். ஆனால் அதற்கேற்ப ஹார்டு டிஸ்க்கும் பெருக்க வேண்டும். பல சமயம் லென்ஸை மாற்றுவதோ, கேமராவைப் பத்தடி முன்னால் கொண்டுவருவதோ குறைந்த செலவில் முடிகிற வேலை. கொட்டேஷனில் மெகாபிக்சலுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு கேமராவின் லென்ஸ் எத்தனை மி.மீ. என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உயரமும் கணக்கில் வரும். உத்தரத்தில் 10 அடிக்கு மேல் மாட்டினால், பக்கத்தில் வருகிறவரின் உச்சந்தலையும் தொப்பியும்தான் விழும். முகத்துக்கான கேமரா ஏழு அடி வாக்கில் இருந்து, வருகிறவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கல்லாக் கேமரா அப்படியல்ல. அது மேசைக்கு நேர் மேலே இருந்து குனிந்து பார்த்தால்தான் நோட்டு கை மாறுவது தெரியும். கார்டு மெஷினில் வாடிக்கையாளர் ரகசிய எண் அழுத்துகிற விரல் அதில் விழாமல் மெஷினைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

வெயிலும் இருட்டும்

அண்ணாச்சியின் கடை மேற்குப் பார்த்தது. பிற்பகல் நாலு மணிக்கு வாசல் முழுக்க வெயில். உள்ளே இருந்து வாசலைப் பார்க்கிற கேமராவுக்கு அந்த நேரத்தில் நடப்பது என்ன? வெளியே ஒரே வெள்ளை, நடுவில் கறுப்பாக ஒரு மனித உருவம். வந்தது ஆணா பெண்ணா என்பதுகூடச் சட்டை, சேலையை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வரிசையாகக் கடைகள் உள்ள எந்தத் தெருவிலும் போய் வாசல் கேமராவைப் பாருங்கள். பாதிக்கு இந்தக் கதைதான்.

இதற்கு மருந்து டபிள்யூடிஆர் என்ற வசதி. வெளிச்சத்துக்காக ஒன்று, நிழலுக்காக ஒன்று என்று இரண்டு விதமாகப் படம் எடுத்து, இரண்டையும் கேமராவுக்குள்ளேயே சேர்த்துவிடும். விவரப் பட்டியலில் 120 டெசிபல் என்று இருந்தால் அது உண்மையான டபிள்யூடிஆர். 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்றிருந்தால், எடுத்து முடித்த படத்தில் நிழலைக் கொஞ்சம் வெளுப்பாக்குகிற வேலை. பெயரில் ஒன்று போலத் தோன்றினாலும் வாசலில் பலன் ஒன்றாக இருக்காது. நாலு கேமராவில் ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால், அந்தப் பணம் வாசல் கேமராவுக்குப் போகட்டும்.

இரவு வேறு சிக்கல். சாதாரணக் கேமரா இருட்டியதும் கறுப்பு வெள்ளைக்கு மாறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். 'நைட் விஷன் 30 மீட்டர்' என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த ஒளி போய்ச் சேரும் தூரம். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியும் என்று அதற்குப் பொருளில்லை. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நடக்கிறவர் இழுத்த கோடாக விழுவார். வண்டி நம்பரும் அப்படித்தான். ஹெட்லைட் கேமராவை நோக்கி அடித்தால் நம்பர் பலகை இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். நம்பர் பலகைக்கென்றே தனிக் கேமரா உண்டு. மளிகைக் கடைக்கு அது தேவையில்லை.

இரவிலும் நிறத்தோடு படம் எடுக்கிற கேமராக்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். சிலவற்றில் விளக்கும் சேர்ந்தே வரும். சிவப்புச் சட்டை, நீல வண்டி என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை. கடைக்கு முன்னால் ஒரு எல்இடி பல்பை விடிய விடிய எரியவிட்டாலே எந்தக் கேமராவும் ஒரு படி நன்றாகப் பார்க்கும்.

இன்னொன்று, மளிகைக் கடைக்கே உரியது. குமிழ் மாதிரி மூடியிருக்கும் டோம் கேமராவின் மேல் கோதுமை மாவும் மிளகாய்த் தூளும் மெல்லப் படியும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் அகச்சிவப்பு ஒளி அந்தத் தூசியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பனி மூடியது போலாகிவிடும். வெளிக் கேமராவில் சிலந்தி வலை பின்னினாலும் இதே தொல்லைதான். காற்றில் வலை ஆட ஆட, 'ஆள் நடமாட்டம்' என்று போனுக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு தடவை மென்மையான துணியால் துடைத்தால் தீர்ந்தது.

பெட்டியும் டிஸ்க்கும்

"டிவிஆரா, என்விஆரா?" என்று கேட்டார் அண்ணாச்சி. இரண்டு கொட்டேஷனிலும் வேறு வேறாக இருந்தது.

கோஆக்சியல் ஒயரில் கேமராவை இணைத்தால் ரெக்கார்டர் பெட்டி டிவிஆர். கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயரில் இணைத்தால் என்விஆர். இரண்டாவதில் படமும் மின்சாரமும் ஒரே ஒயரில் போகும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். பின்னால் கேமரா கூட்டுவது எளிது. முதலாவது விலை குறைவு. பழைய ஒயர் ஏற்கெனவே ஓடியிருந்தால் அதையே பயன்படுத்தலாம். நாலு கேமராக் கடைக்கு எதுவும் தப்பில்லை. ஒன்றிரண்டு கேமரா போதும் என்கிற பெட்டிக்கடைக்கு மெமரி கார்டு போட்ட வைஃபை கேமராவே போதும். கார்டு தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

இந்தத் தேர்வைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மலிவான சில டிவிஆர்களில் பதிவு '1080 லைட்' என்ற அளவில் நடக்கும். நெடுக்கே அதே 1,080 புள்ளிகள். குறுக்கே மட்டும் பாதி. 2 மெகாபிக்சல் கேமராவுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு மெகாபிக்சலைச் சேமிக்கிறோம். நேரடியாக டிவியில் பார்க்கும்போது குறை தெரியாது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற நாளில்தான் தெரியும். "ரெக்கார்டிங் முழு 1080பி-யா, லைட்டா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியிலேயே எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது டிஸ்க். கொட்டேஷனில் 1 டிபி என்று எழுதியிருந்தது. போதுமா? மனக்கணக்கே போதும். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். படத்தைச் சுருக்கிப் பதிகிற எச்.265 முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி, நாலு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி பதினோரு நாளில் நிரம்பிவிடும். பழைய எச்.264 முறையில் இரண்டு மடங்கு பிடித்தால் ஆறு நாள்கூடத் தாங்காது. நிரம்பியதும் பெட்டி நிற்காது. பழையதை அழித்து மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

"நீங்க சரக்கு இருப்பு எப்ப பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசியிலதான்."

அப்படியானால் மாதத் தொடக்கத்தில் குடோனிலிருந்து போன மூட்டை, கணக்கில் இடிக்கும்போது பதிவில் இருக்காது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் 30 நாள் இருப்பு வேண்டும். நாலு கேமராவுக்கு 2,600 ஜிபி. கையிருப்போடு 4 டிபி டிஸ்க். அசைவு இருக்கும்போது மட்டும் பதிகிற மாதிரி வைத்தால் இன்னும் நாள் கூடும். கல்லாவுக்கு மட்டும் அப்படி வைக்காமல் கடை நேரம் முழுக்க ஓடவிடுவது நல்லது. டிஸ்க்கும் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்கட்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பட்ஜெட் இடித்தால் கேமராவில் ஒன்றைக் குறையுங்கள். டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

பெட்டி எங்கே இருக்கும் என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். கல்லாவுக்குக் கீழே, டிவிக்குப் பின்னால் என்று எல்லாரும் வைக்கிற இடம் திருட வருகிறவனுக்கும் தெரியும். போகிறபோது பெட்டியையே கழற்றிக்கொண்டு போன செய்திகளை எத்தனை தடவை படித்திருக்கிறோம்! குடோன் பரணில், பூட்டுப் போட்ட, காற்றோட்டமுள்ள ஒரு இரும்புக் கூண்டு போதும். வாசல் கேமராவின் பதிவு மட்டும் இன்னொரு பிரதியாக மெமரி கார்டிலோ இணையச் சேமிப்பிலோ இருந்தால், பெட்டி போனாலும் முகம் போகாது.

ஒயரும் கரண்டும்

ஒயர் விஷயத்தில் ஒரே சொல்: முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் விலை குறைவு. தூரம் போகப் போக மின்னழுத்தம் இறங்கும். அதன் அறிகுறி விசித்திரமாக இருக்கும். குடோன் கேமரா பகல் முழுக்க நன்றாக ஓடும்; இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. கடைசி முனையில் அதற்கு வேண்டிய 12 வோல்ட் வந்து சேரவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினாலும் இதே கதை தொடரும்.

கரண்ட் போனால் கேமராவும் போகும். வேண்டுமென்றே மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்களும் உண்டு. கேமராக்களும் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து ஒரு குண்டு பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் குடிக்கும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

சாவி யாரிடம்?

"பாஸ்வேர்டெல்லாம் மாட்டுத பையனே போட்டுக் குடுத்துருவான்லா?"

கொடுப்பான். பல கடைகளில் அவனிடமேதான் இருக்கும். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டால் பெட்டியைத் திறக்க முடியாமல் உரிமையாளர் நிற்பார். அதைவிட மோசம், அவன் மாட்டுகிற எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருப்பது.

2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது செய்ததெல்லாம், கேமராக்களும் டிவிஆர்களும் கம்பெனியிலிருந்து வரும்போது வைத்திருக்கிற பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான். அப்படிக் கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். நம் நாட்டிலும், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்குப் போனது 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது.

ஆகவே மூன்று வேலை. மாட்டி முடித்த அன்றே அட்மின் பாஸ்வேர்டை நீங்களே நீளமாக மாற்றி, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். மகனுக்கும் மேனேஜருக்கும் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 2024 ஏப்ரல் அறிவிக்கைப்படி, சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் இது நடைமுறை. கேமரா வருகிற அட்டைப்பெட்டியின் மேல் பிஐஎஸ் முத்திரையோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். பெயரில்லாத மலிவுக் கேமராக்களை ஒதுக்க இது ஒன்றே போதும்.

போலீஸ் கேட்டால்

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நடந்த கொலையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடங்களில் இருந்த கேமராக்கள்தான் காவல்துறைக்குக் கைகொடுத்தன. பின்னாளில் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில், தெருவைப் பார்க்கிற மாதிரி கேமரா வைக்கச் சொல்லிக் கடைக்காரர்களையும் குடியிருப்பவர்களையும் கேட்டுக்கொண்டது. நகரப் பகுதிகளில் பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு சிசிடிவி பற்றி 2012-ம் ஆண்டிலிருந்தே தமிழ்நாடு அரசின் விதிகளும் இருக்கின்றன. உங்கள் கடை அதில் வருமா என்று நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பதிவு நீதிமன்றம் வரை போகுமென்றால் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, நேரம். பெட்டியின் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும். கடிகாரம் 20 நிமிடம் முந்தியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அதைத்தான். இணையத்திலிருந்து தானாக நேரம் சரிசெய்துகொள்ளும் வசதியை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு, சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் பிரதியோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியையும், நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்புவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, சம்பவம் தெரிந்த அன்றே அந்த நேரத்துப் பதிவை அழியாமல் எடுத்து வைப்பது. எடிட் செய்யாமல், பெட்டி தருகிற வடிவத்திலேயே. டிவித் திரையை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தகவல் சொல்ல உதவும். மூலப் பதிவுக்கு அது ஈடாகாது.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கழிப்பறை, உடை மாற்றும் இடம், வேலை செய்கிற பெண்கள் சேலை சரிசெய்துகொள்ளும் மூலை, இவற்றின் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. பெண்ணை அந்தரங்கமான நிலையில் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ம் பிரிவில் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இருக்கிறது. எதிர் வீட்டு ஜன்னல் காட்சியில் விழுந்தால் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கிற வசதி பெட்டியிலேயே உண்டு. பேச்சைப் பதிகிற மைக்கை அணைத்துவிடுங்கள். நாம் எழுதிய நாலு கேள்விகளில் எதற்கும் அது தேவைப்படவில்லை. கேமரா இருக்கிறது என்று வாசலில் ஒரு பலகை, வேலையாட்களிடம் நேரில் ஒரு வார்த்தை. சொல்லாமல் வைத்தால் உங்களை நம்பி வேலை செய்கிறவருக்கு மனம் கோணும்.

மிச்சப் பணம் கொடுக்கும் முன்

கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். கல்லாவுக்கு மேசைக்கு மேலே ஒன்று. வாசலுக்கு 6 மி.மீ. லென்ஸும் டபிள்யூடிஆரும் உள்ளது ஒன்று. குடோனுக்கு அகலப் பார்வையில், சந்துக் கதவும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒன்று. ஷட்டருக்கு வெளியே இரவிலும் நிறம் காட்டுகிறது ஒன்று. ரேக்குகளுக்கு நடுவே எடுத்து மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தால் ஐந்தாவது சேர்க்கலாம். அதற்காக நாலு கேமராப் பெட்டிக்குப் பதில் எட்டு இணைப்புள்ள பெட்டியாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். எட்டுக் கேமரா கொட்டேஷன் போட்டவர் ஒரு விஷயத்தில் சரிதான்: பெட்டி எட்டு, கேமரா நாலு.

"எல்லாம் சரி தம்பி. அவன் சரியா மாட்டுனானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முன்பணம் கொடுங்கள், மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி இரண்டு நாள் ஓடட்டும். அதற்கிடையில் உங்கள் மகனைப் பிற்பகல் நாலு மணிக்கு வாசல் வழியாக வேகமாக நடந்து உள்ளே வரச் சொல்லுங்கள். கல்லாவில் ஒரு ஐநூறு ரூபாயும் ஒரு இருநூறு ரூபாயும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். குடோனில் ஏழு மூட்டையை இடம் மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, கடைக்குப் பழக்கமில்லாத ஒரு ஆளை ஷட்டர் முன்னால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் மாட்டியவரை வரவழைத்து, அவர் கையால் அல்ல, உங்கள் கையால் பெட்டியைத் திறந்து அந்த நாலு நேரத்தையும் தேடி எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். வந்தது மகன்தான் என்று, அவனை முன்பின் பார்த்திராதவரும் அவனோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறதா? நோட்டு எது என்று தெரிகிறதா? மூட்டை ஏழும் எண்ண வருகிறதா? இரவில் நின்றவரின் முகமும் சட்டை நிறமும் இருக்கிறதா? திரையில் காட்டுகிற மணியும் உங்கள் போன் மணியும் ஒன்றா?

எதில் இல்லை என்று வருகிறதோ அந்தக் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள், இறக்கச் சொல்லுங்கள், லென்ஸை மாற்றச் சொல்லுங்கள். ஏணி கடைக்குள் இருக்கும்போது இது அரைமணி நேர வேலை. பணம் முழுவதும் கைமாறிய பிறகு, அதே வேலைக்கு அவரை எத்தனை தடவை போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.